பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள்: பழைய பிரிட்டிஷ் ஸ்பீட்வே புரோகிராமை வாசிக்கும் முறை

ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பழைய பிரிட்டிஷ் புரோகிராம் புத்தகங்கள் விற்பனைக்கு வரும்போது, பேனா, பென்சில் படாத பிரதிக்குத்தான் பெரும்பாலும் நல்ல விலை. உள்ளே மதிப்பெண் எழுதியிருந்தால் ‘கிறுக்கல் உள்ளது’ என்று குறிப்புப் போட்டு விலையைக் குறைத்துவிடுகிறார்கள். இன்னும் மோசம், சிலர் அந்தப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு விற்கிறார்கள். அழித்த பிறகு மிஞ்சுவது சில நாள் முன்னதாக அச்சகத்துக்குப் போன பெயர்ப் பட்டியல் மட்டுமே. அன்றைக்கு யார் ஓட்டினார்கள், யார் விழுந்தார்கள், எந்த ஹீட்டில், அதாவது மாலையின் எந்தக் குட்டிப் பந்தயத்தில், ஆட்டம் திரும்பியது என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில்தான் இருந்தது. அந்தக் கிறுக்கலை வாசிக்கத் தெரிந்தால் 50, 60 ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலை நேரத்தை ஏறத்தாழ முழுமையாக மீட்டுவிடலாம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு அடிப்படை மட்டும். ஒரு ஹீட்டில் நான்கு பேர், நான்கு சுற்று, இடஞ்சுழியாக. 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையாது. ஓடுதளம் நொறுக்கிய ஷேல் கல். வளைவில் பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, எஃகுத் தகடு கட்டிய இடது காலை முன்னால் ஊன்றி ஓட்டுவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாமவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு 0. அணிப் போட்டியில் உள்ளூர் அணியின் இருவருக்குச் சிவப்பும் நீலமும், வெளியூர் அணியின் இருவருக்கு வெள்ளையும் மஞ்சளும் தலைக்கவச நிறம்.

புரோகிராமின் நடுப்பக்கத்தைத் திறந்தால் ஹீட் வாரியாகக் கட்டங்கள் இருக்கும். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் போலத்தான் இதுவும், ஆனால் நிரப்புவது அதிகாரப்பூர்வ ஸ்கோரர் அல்ல, படிக்கட்டில் நிற்கும் ரசிகர். 1965-இல் தொடங்கிய பிரிட்டிஷ் லீக் காலத்துப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஏழு பேர், 13 ஹீட். 1 முதல் 5 வரை எண் அணிந்தவர்களுக்குத் தலா நான்கு ஓட்டம், 6, 7 என்ற ரிசர்வ்களுக்குத் தலா மூன்று. 20-உம் 6-உம் சேர்ந்து 26, அதாவது 13 ஹீட்டுக்கு இரண்டிரண்டு பேர். எல்லா ஹீட்டிலும் மூன்று பேராவது முடித்தால் மொத்தப் புள்ளி 78. அதனால் 39–39 என்றால் சமன், 40–38 என்றால் கடைசி ஹீட் வரை இழுபறி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நேஷனல் லீக் புத்தகங்களில் 14 ஹீட், 84 புள்ளி. இப்போதைய 15 ஹீட் முறையில் 90. முதல் பக்கம் கிழிந்து போன புத்தகம் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

சரிபார்க்கும் வேலையை இப்படித் தொடங்குங்கள். ஒவ்வொரு ஹீட்டின் முடிவிலும் இரு அணிகளின் அதுவரையிலான கூட்டுத்தொகையைச் சேர்த்தால், ஹீட் எண்ணை ஆறால் பெருக்கிய தொகை வரவேண்டும். ஏழாவது ஹீட் முடிவில் 42, பத்தாவதில் 60. குறைந்தால் அங்கே இரண்டு பேருக்கு மேல் முடிக்கவில்லை என்று பொருள், அந்த ஹீட்டில் விழுந்த குறியோ எஞ்சின் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். கூடினால் ரசிகர் தப்பாக எழுதியிருக்கிறார். அடுத்து வீரர் வாரியாக ஒவ்வொரு வரியையும் கூட்டி, அணி மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் புத்தகத்தை நம்பலாம்.

ஒத்துப்போகாத இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி போனஸ் புள்ளி. தன் அணிக்காரருக்கு நேர் பின்னால், எதிரணிக்காரர் ஒருவரையாவது முந்தி முடித்தவருக்கு ஒரு போனஸ் உண்டு. 2-க்குப் பக்கத்தில் சின்னக் கோடோ நட்சத்திரமோ போட்டிருந்தால் அதுதான். இந்தப் புள்ளி வீரரின் சம்பளத்துக்கும் சராசரிக்கும் மட்டுமே, அணிக் கணக்கில் சேராது. வீரர்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. போனஸ் இல்லாவிட்டால் சொந்த அணிக்காரரையே முந்தப் பார்ப்பார்கள், இருவரும் இடித்துக்கொள்வார்கள். போனஸ் இருப்பதால் பின்னால் வருபவர் தன் கூட்டாளியை முன்னே விட்டு, எதிரியை வெளிவட்டத்தில் அடைத்துக்கொண்டே வரலாம். இருவர் சேர்ந்து இப்படி நான்கு சுற்றும் ஓட்டுவதுதான் இந்த விளையாட்டிலேயே எனக்கு மிக அழகான காட்சி. தாளில் அது 3, 2′ என்று இரண்டு எழுத்தாக நிற்கும். ரசிகர் அந்தக் கோட்டை அவசரத்தில் ஒரு புள்ளியாகக் கூட்டிவிட்டால் அணி மொத்தம் கெட்டுவிடும்.

ஒரு வரியில் 3, 2′, ஈ.எஃப் (எஞ்சின் பழுது), 3 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஓட்டத்தில் 8 புள்ளி, 1 போனஸ், பத்திரிகையில் 8+1 என்று வரும். சராசரி எடுக்க, புள்ளியையும் போனஸையும் சேர்த்து, ஓட்ட எண்ணிக்கையால் வகுத்து, நான்கால் பெருக்க வேண்டும். இங்கே சரியாக 9.00. பருவம் முழுக்க 30 ஓட்டத்தில் 58 புள்ளியும் 8 போனஸும் எடுத்தவருக்கு 8.80. இதற்கு உச்சவரம்பு 12. இந்தச் சராசரியை வைத்துத்தான் அணிகளின் பலத்தைச் சமப்படுத்தினார்கள், காயம்பட்ட முன்னணி வீரருக்குப் பதில் வேறு அணியிலிருந்து யாரை விருந்தாளியாக அழைக்கலாம் என்று தீர்மானித்தார்கள். 3, 3, 2′, 3 என்று ஒரு வரி இருந்தால் அது 11+1, ‘பெய்ட் மேக்ஸிமம்’. எதிரணியில் யாருக்கும் அவர் தோற்கவில்லை.

இனி எழுத்துக் குறிகள். ‘எஃப்’ என்றால் விழுந்தார். ‘எக்ஸ்’ என்றால் நடுவர் வெளியேற்றினார். ‘ஆர்’ தானாக ஒதுங்கியவர், ‘என்.எஸ்’ தொடக்கத்துக்கே வராதவர். ‘டி’ (T) என்றால் தொடக்க நாடாவைத் தொட்டு வெளியேறியவர். ‘எம்’ என்றால் இரண்டு நிமிட அவகாசத்துக்குள் கோட்டுக்கு வராதவர். இந்த எம் குறிக்குப் பின்னால் பெரும்பாலும் கிளம்ப மறுத்த வண்டி ஒன்று இருக்கும். மெக்கானிக் பின்னால் தள்ளிக்கொண்டு ஓட, மேடையில் விளக்கு எரிய, நேரம் போய்க்கொண்டே இருக்கும். மறுஓட்டம் நடந்த ஹீட்டில் முதலில் எழுதியதை அடிக்காமல் விட்ட புத்தகங்கள் ஏராளம். ஒரே ஹீட்டில் இரண்டு 3 இருந்தால் இரண்டாவதாக, பொதுவாக அழுத்தமாக எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு வெளிச்சத்தில், ஷேல் அப்பிய வெள்ளைக் கவசமும் மஞ்சள் கவசமும் ஒன்றுபோலத் தெரியும். வெளியூர் அணியின் இருவருக்கும் புள்ளி மாறி விழுந்திருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும், அணி மொத்தம் மட்டும் சரியாகவே இருக்கும்.

ஆட்டம் எங்கே திரும்பியது என்று பார்க்க, ஆறு புள்ளி வித்தியாசத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் ஆறோ அதற்கு மேலோ பின்தங்கிய அணியின் மேனேஜர், பலவீனமான வீரரை எடுத்துவிட்டு நல்ல வீரரை அவர் இடத்தில் இறக்கலாம். டாக்டிகல் சப்ஸ்டிட்யூட், சுருக்கமாக ‘டி.எஸ்’. ஆறாவது, ஏழாவது ஹீட்டில் வித்தியாசம் ஆறைத் தொட்டதும் அச்சிட்ட ஒரு பெயர் அடிக்கப்பட்டு, அதன் மேல் முதல் எண் வீரரின் பெயர் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். இங்கேதான் ரசிகர்கள் அதிகம் குழம்புவார்கள். வந்தவர் எடுத்த புள்ளியைப் போனவர் வரியிலேயே போட்டுவிடுவார்கள். வீரர் வரிகள் தவறாகவும் அணி மொத்தம் சரியாகவும் இருக்கும் புத்தகத்தில், முதலில் இந்தக் கட்டத்தைச் சோதியுங்கள்.

நேரப் பத்தி பலர் கவனிக்காத பொக்கிஷம். ஒவ்வொரு ஹீட்டிலும் வென்றவரின் நேரத்தை அறிவிப்பாளர் சொல்வார், பொறுமையுள்ள ரசிகர் எழுதியிருப்பார். அட்டையில் ஓடுதளத்தின் நீளம் கஜத்தில் இருக்கும். 400 கஜத் தளத்தில் 72 வினாடி என்றால் 1,600 கஜம், வினாடிக்கு சுமார் 20.3 மீட்டர், மணிக்கு 73 கிலோமீட்டர். லண்டன் நியூ கிராஸ் தளம் வெறும் 262 கஜம், அதனால்தான் அதற்கு ‘வாணலி’ என்று பெயர். அங்கே எடுத்த நேரத்தைப் பெரிய தளத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, ஒரே மாலையின் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

தளம் நன்றாகத் தயாரான நாளில் முதல் சில ஹீட்டுகள் வேகமாக இருக்கும். போகப்போக உள்வட்டத்து ஷேலைச் சக்கரங்கள் வெளியே வாரி வேலியோரம் சேர்த்துவிடும், உள்ளே தரை வழுவழுவென்று ஆகிவிடும். நேரம் கூடும். சில ஹீட்டுகளுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து ஷேலை உள்ளே இழுத்துவிட்டு, தண்ணீர் வண்டி நனைத்துப் போகும். அடுத்த ஹீட்டில் நேரம் சட்டென்று மாறும். மாறிய இடத்தை வைத்து டிராக்டர் எப்போது வந்தது என்று சொல்லிவிடலாம். எல்லா நேரமும் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று வினாடி கூடுதலாக இருந்து எஃப் குறிகளும் நிறைய இருந்தால், மழையில் கனத்த தளம். தாளிலேயே நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட் எண்ணையும், அதாவது தொடக்கக் கோட்டில் யார் எந்த இடத்தில் நின்றார் என்பதையும், இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு அணிக்கு 1, 3, மற்றதற்கு 2, 4. ஷேல் வெளியே சேர்ந்த பிறகு வெளியோரத்து நான்காம் கேட்டிலிருந்து கிளம்பியவர்கள் ஜெயிக்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. ஒருவர் 0, 1 என்று தொடங்கி 3, 3 என்று முடித்திருந்தால், இடையில் பின் ஸ்ப்ராக்கெட்டை (சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை) மாற்றியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆழமான, ஈரமான தளத்தில் பல் கூடிய ஸ்ப்ராக்கெட் இழுவை தரும். தரை வழுவழுப்பானதும் அதே ஸ்ப்ராக்கெட் சக்கரத்தை வீணாகச் சுழலவைக்கும், அப்போது பல் குறைந்ததற்கு மாறுவார்கள்.

ஈ.எஃப், அதாவது எஞ்சின் பழுது, தனிக் கதை. 1928–30 காலத்தில் டக்ளஸ் வண்டிகள், அடுத்து 1930-இல் வந்த ஜாப் எஞ்சின் முப்பது ஆண்டுக்கு மேல் கோலோச்சியது. சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 99 மி.மீ. எண்ணெய் திரும்ப டாங்குக்கு வராது, பம்ப் உள்ளே தள்ளியது முழுவதும் வெளியே போய்விடும். அந்த எண்ணெய்க்கு மூலம் நம் ஊர் ஆமணக்கெண்ணெய்தான். ஸ்பீட்வே என்றதும் பழைய ரசிகர்கள் முதலில் சொல்லும் வாசனை மெத்தனாலும் சுட்ட ஆமணக்கெண்ணெயும் கலந்தது. தொடக்கத்தில் கிளட்ச் எரிவது, சங்கிலி அறுவது, மேக்னெட்டோ நனைவது என்று ஈ.எஃப்-க்குப் பல காரணங்கள், தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே குறி. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஈ.எஸ்.ஓ., பிறகு அதே எஞ்சின் ஜாவா என்ற பெயரில் வந்தது. 70-களின் நடுவில் இங்கிலாந்தின் ரை ஊரில் செய்த நான்கு வால்வு வெஸ்லேக் வந்து தளச் சாதனைகளை உடைத்தது. பீட்டர் காலின்ஸ் 1976-இல் போலந்தில் உலகப் பட்டம் வென்றது அந்த எஞ்சினில்தான்.

தேதி இல்லாத புத்தகங்களுக்கு வருவோம். கிழமையும் நாளும் இருக்கும், ஆண்டு இருக்காது. போருக்குப் பிந்தைய லண்டனில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு இரவு: விம்பிள்டன் திங்கள், வெஸ்ட் ஹாம் செவ்வாய், நியூ கிராஸ் புதன், வெம்ப்ளி வியாழன், ஹாரிங்கே வெள்ளி. நாளையும் கிழமையையும் நாட்காட்டியில் பொருத்தினால் இரண்டு, மூன்று ஆண்டுகள் மட்டுமே தங்கும். பிறகு பெயர்களைப் பாருங்கள். ஆறு முறை உலகச் சாம்பியனான ஐவன் மாகர் 1963 முதல் 68 வரை நியூகாசில், 1969 முதல் 72 வரை பெல் வியூ, 1973 முதல் 77 வரை எக்ஸிட்டர், 1978 முதல் 81 வரை ஹல். ஃபே டெய்லர், ஈவா அஸ்க்வித் போன்ற பெண்களின் பெயர் பந்தயப் பட்டியலில் இருந்தால் அது 1928-க்கும் 1930-க்கும் இடைப்பட்டது. 1930-இல் பெண்கள் ஓட்டக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். ஆண்களைத் தோற்கடித்தவர்களை அப்படி வெளியே தள்ளியது இந்த விளையாட்டுக்குப் பெரிய களங்கம் என்றே நினைக்கிறேன். தொடக்க நாடா வந்தது 1933-இல், அதற்கு முந்தைய தாளில் ‘டி’ குறி இருக்க வழியில்லை.

அதேபோல், வெம்ப்ளி லயன்ஸ் அணி 1957-இல் வெம்ப்ளி மைதானத்தின் தலைவர் ஆர்தர் எல்வின் இறந்ததும் லீக்கை விட்டு விலகி, 1970, 71 என்று இரண்டு பருவம் மட்டும் திரும்பி வந்தது. ‘வெம்ப்ளி லயன்ஸ் லீக் போட்டி, 1962’ என்று விற்பனைக் குறிப்பு சொன்னால் வாங்காதீர்கள், யாரோ தேதியை ஊகித்திருக்கிறார்கள்.

உலக இறுதிப்போட்டிப் புத்தகங்களின் கணக்கு வேறு. 16 பேர், 20 ஹீட், ஆளுக்கு ஐந்து ஓட்டம், அதிகபட்சம் 15. 16 பேரில் இருவரிருவராக 120 ஜோடிகள் சாத்தியம். ஒரு ஹீட்டில் நான்கு பேர் என்றால் 6 ஜோடிகள், 20 ஹீட்டில் அதே 120. ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் சரியாக ஒருமுறை சந்திப்பார்கள். இவ்வளவு கச்சிதமான அட்டவணை வேறு எந்த மோட்டார் பந்தயத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் 1936 செப்டம்பர் 10, வெம்ப்ளியில் நடந்த முதல் இறுதிப்போட்டியின் தாளை இந்தக் கணக்கில் கூட்டினால் சாம்பியன் பெயர் தப்பாக வரும். ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன் ஐந்திலும் வென்று 15 எடுத்தார். தகுதிச் சுற்றுகளின் போனஸையும் அன்று சேர்த்ததால் அவருக்கு 25 மட்டுமே, லயனல் வான் பிராகுக்கும் எரிக் லாங்டனுக்கும் தலா 26. இருவரும் தனியாக மோதி, வான் பிராக் பட்டம் பெற்றார். அன்று வில்கின்சனுக்கு நடந்தது அநியாயம். 1938-இல் அவர் பட்டத்தை வென்றுவிட்டார் என்பதில் ஒரு ஆறுதல்.

தாள் சொல்லாததும் உண்டு. ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து, எழுந்து தூசி தட்டிக்கொண்டு நடந்தவருக்கும் ஒன்றுதான், ஸ்ட்ரெச்சரில் போனவருக்கும் ஒன்றுதான். 1955, 1962 உலகச் சாம்பியன் பீட்டர் கிரேவன் 1963 செப்டம்பர் 20 அன்று எடின்பரோ மெடோபேங்கில், முன்னால் விழுந்தவர் மேல் ஏறாமல் விலகப்போய் வேலியில் மோதினார், நான்கு நாளில் இறந்தார். 1970 ஜூலையில் பெல்ஜியத்தின் லோக்கரன் அருகே நடந்த வேன் விபத்தில் வெஸ்ட் ஹாம் மேனேஜர் ஃபில் பிஷப்பும் வீரர்களும் இறந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவரான வீரர் காலின் பிராட் மறுபடி பந்தயத்தில் ஓட்டவில்லை. அந்த ஆண்டின் புத்தகங்களை ஜூலைக்கு முன், பின் என்று அடுக்கிப் பார்த்தால் பெயர்கள் காணாமல் போவது தெரியும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. பென்சில் எழுத்து வெளிச்சத்தில் மங்காது, பால்பாயிண்ட் மங்கும், ஈரத்தில் பரவும். எனவே நேரடி வெயில் வேண்டாம். ஷேல் தூசியை மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், விரலால் தேய்த்தால் கல்தூள் எழுத்தையும் சேர்த்துச் சுரண்டும். துருப்பிடித்த ஸ்டேபிளை வெளியிலிருந்து பிடுங்காதீர்கள். நடுப்பக்கத்தில் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு பின்னாலிருந்து எடுத்துவிட்டு, பழைய துளையிலேயே பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். 70-களின் வழவழப்புத் தாள் நனைந்து ஒட்டியிருந்தால் வலிந்து பிரிக்கக்கூடாது, மேல்பூச்சோடு எழுத்தும் உரிந்து வரும். பி.வி.சி. உறை மையை இழுத்துக்கொள்ளும், பாலியஸ்டர் உறைதான் சரி. லாமினேட் செய்யவே கூடாது.

ஸ்கேன் செய்வதானால் நிறத்தில், 600 டி.பி.ஐ.-யில் செய்யுங்கள். பல ரசிகர்கள் புள்ளியைப் பென்சிலிலும், போனஸையும் நேரத்தையும் வேறு நிறத்திலும் எழுதியிருப்பார்கள், கறுப்பு வெள்ளையில் அந்த வேறுபாடு போய்விடும். நடுவில் செருகிய துண்டுச்சீட்டு, அணி மாற்ற அறிவிப்பு எதையும் பிரித்துப்போடாமல் அதே பக்கத்தோடு சேர்த்துப் படமெடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், உள்ளூர் அணி, வெளியூர் அணி, கடைசியில் ‘நிரப்பியது’ என்று போடுங்கள். ஒரே போட்டியை இரண்டு ரசிகர்கள் நிரப்பிய பிரதிகள் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தவறவிட்ட ஹீட் நேரத்தை மற்றவர் எழுதியிருப்பார்.